ஆசான் விடைபெறும் வேளை

ஓர் ஆசானின் பெருமையை அவர் பணியிலிருக்கும் காலத்திலே அளந்துவிடலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். நமக்கு அஃது உடன்பாடன்று. அவர் விடைபெற்றுச் சென்ற பின்னர் அவ்விடத்தில் எஞ்சி நிற்பது யாது என்று நோக்குவதே நேரிய அளவுகோலாகும். விளையாட்டுப் பயிற்றும் ஆசானுக்கும் இது பொருந்தும்.

நம் இளமைக் காலத்தில் ஊர் வாசிகசாலை முன்றலில் மாலைதோறும் கரப்பந்தாட்டம் நிகழும். பள்ளியில் கணிதம் கற்பித்த மாஸ்ரர் ஒருவரே நமக்கெல்லாம் பயிற்றுநர். அயலூர்க் குழுக்கள் நம்மைக் கண்டு அஞ்சிய காலம் அது. பின்னர் அவருக்கு இடமாற்றம் வந்தது. மாலையிட்டு, தேநீர் விருந்தளித்து, கண்கலங்க வழியனுப்பினோம். இரண்டு மாதங்கள் கழியுமுன் வலை வாசிகசாலை அலுமாரிக்குள் மடித்து வைக்கப்பட்டுவிட்டது. விளையாடத் தெரிந்தோர் பலர் இருந்தனர். விளையாட்டை நடத்தத் தெரிந்தவர் ஒருவரேனும் இருந்திலர்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மகளிர் கரப்பந்தாட்டச் செய்திகளை நாம் ஆர்வத்துடன் படித்து வருவதற்கு இந்நினைவும் ஒரு காரணமாகும். 1991ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட இவ்வாட்டம், 1895இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்பவரால் உருவாக்கப்பட்டது. இன்று அங்கே இதற்குள்ள மதிப்பு வியப்புக்குரியது. 2023 ஆகஸ்ட் 30ஆம் நாள் நெபிராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடைபெற்ற பல்கலைக்கழக மகளிர் ஆட்டத்தைக் காண 92,003 பேர் திரண்டனர்.

இத்தகைய நாட்டில் ஒரு பயிற்றுநர் பதவி விலகுவது சிறு செய்தியன்று. பதினெட்டு வயது மகளைத் தொலைதூர நகருக்கு அனுப்பும் பெற்றோர், பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமா நம்புகின்றனர்? வீட்டுக்கு வந்து பேசி, ‘உங்கள் பெண்ணை நான் பார்த்துக்கொள்வேன்’ என்ற மனிதரையும் நம்பியே அனுப்புகின்றனர். அம்மனிதர் நடுவிலே சென்றுவிட்டால் அப்பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! அவள் அங்கேயே நிற்பதா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதா என்ற கேள்வியும் உடனே எழுந்துவிடுகின்றது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ் ரோஸ் என்பவர் 1979 முதல் 2021 வரை 43 பருவங்கள் பயிற்றுநராக விளங்கினார். அவர் பெற்ற வெற்றிகள் 1,330. தேசிய சம்பியன் பட்டங்கள் ஏழு. 2007 முதல் 2010 வரை அவருடைய குழு தொடர்ந்து 109 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது, இனி யாரால் அவ்விடத்தை நிரப்ப இயலும் என்று பலர் ஐயுற்றிருப்பர். 2022இல் பொறுப்பேற்றவர் கேற்றி ஷூமாக்கர் கோலி. 1999இல் ரோஸ் பெற்ற முதற் பட்டத்தின்போது குழுவில் ஆடிய மாணவி அவர். பின்னர் அவருக்கே துணைப் பயிற்றுநராகவும் இருந்தவர்.

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை பெற்றுக்கொண்டே அவர் குழுவை நடத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் லூயிவில் நகரில் நிகழ்ந்த அரையிறுதியாட்டத்தில் நெபிராஸ்காவிடம் முதலிரு சுற்றுகளை இழந்தும், அடுத்த மூன்றையும் அவருடைய குழு வென்றது. இறுதியாட்டத்தில் லூயிவில் பல்கலைக்கழகத்தை அந்நகரிலேயே மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தியது. 1981இல் தொடங்கிய அத்தேசியப் போட்டியில் பட்டம் வென்ற முதற் பெண் தலைமைப் பயிற்றுநர் அவரே.

அவ்வரையிறுதியே நெபிராஸ்காவின் பயிற்றுநர் ஜோன் குக்குக்கு இறுதி ஆட்டமாகவும் அமைந்தது. இருபத்தைந்து பருவங்களில் நான்கு பட்டங்கள் வென்ற அவர் 2025 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். அவரும் தமக்கு முன்னிருந்த ரெரி பெற்றிற்றிடம் துணைவராயிருந்து பயின்றவரே. குக்கின் இடத்துக்கு வந்தவர் டானி பஸ்பூம் கெலி; 2006இல் குக்கின் பட்டக் குழுவில் ஆடியவர்; 2015இல் அவருக்குத் துணைப் பயிற்றுநர். ஆசானின் ஆசனம் மாணவிக்குக் கிடைத்தது.

ஆனால் ஓரிடத்தின் பேறு மற்றோரிடத்தின் இழப்பாகும் என்பதையும் நாம் மறத்தலாகாது. டானி அதுவரை பயிற்றியது லூயிவில் பல்கலைக்கழகத்தை. டிசம்பரில் இறுதியாட்டம் வரை அவருடன் சென்ற பெண்கள், ஆறு வாரங்கள் முடியுமுன் அவரை இழந்தனர். அவர் செய்தது தவறென்று யார் கூற வல்லார்? பிறந்த மாநிலமும் பயின்ற கலைக்கழகமும் அழைக்கும்போது மறுத்தல் அரிது. எனினும் அப்பெண்களின் துயரமும் மெய்யே. அங்கும் அவருடன் பல்லாண்டு துணைநின்ற டான் மெஸ்கே பொறுப்பேற்றார் என்பதே அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கும்போது நமக்கு ஓர் உண்மை புலனாகின்றது. பிரிவு எங்கும் உண்டு. அதனைத் தடுத்தல் இயலாது. பிரிவுக்கு முன்னே ஆள் உருவாக்கப்பட்டிருக்கின்றதா என்பதே கேள்வி. தம்மையன்றிக் குழு இயங்காது என்று பெருமை கொள்ளும் பயிற்றுநர், தாம் அறியாமலே அக்குழுவுக்கு முடிவுநாள் குறித்துவிடுகின்றார். தம் அருகே ஒருவரை நிறுத்தி, பிழைபடினும் முடிவெடுக்க விட்டு, மெல்ல விலகி நிற்பவரோ சென்ற பின்னும் அங்கே இருக்கின்றார்.

கல்லூரிகளிலும் சங்கங்களிலும் பொறுப்பிலுள்ள பெரியோர்களே, உங்கள் பக்கத்தில் யார் நிற்கின்றார் என்று இன்றே திரும்பிப் பாருங்கள். மாணவர்களே, உங்கள் ஆசானிடம் பந்தடிக்க மட்டுமன்றி, பயிற்றவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கரப்பந்தாட்டத்தில் எவரும் பந்தைப் பிடித்து வைத்திருக்க விதியில்லை. பந்தை முதலில் அடிக்கும் உரிமையை மீட்கும்போதெல்லாம் அறுவரும் ஓரிடம் பெயர்ந்து நிற்றல் வேண்டும். வலைக்கு வெளியே நிற்கும் பயிற்றுநருக்கும் அவ்விதி உரியதே.