வண்டியின் வலியறிதல்

திருவள்ளுவனார் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து நிறுவினார். அரசர்க்கென வகுத்த இம்முறை மோட்டார் வண்டிக்கும் பொருந்துமோ எனச் சிலர் நகைக்கக்கூடும். பொருந்தும் என்பதே எம் துணிபு. சென்ற கோடை விடுமுறையில் யாம் திருவண்ணாமலையில் எம் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கியிருந்தோம். அக்காலத்து, பழைய வண்டியொன்றைப் பந்தயத்தின் எவ்வகுப்பிற் சேர்ப்பது என்பது பற்றி அவ்வில்லத்தில் எழுந்த ஆராய்ச்சியை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு எஞ்சினோடு யாது உறவு என வினவும் நண்பர்கட்கு இக்கட்டுரையே விடை கூறும்.

சிறிய தந்தையார் இல்லம் செங்கம் சாலையில் இரமணாசிரமத்திற்கு அணித்தாக உள்ளது. இரமணர் 1896-இல் இவ்வூரை அடைந்து, நெடுங்காலம் மலைக்குகைகளில் உறைந்து, 1922-இல் தம் அன்னையார் மறைந்தபின் அடிவாரத்திற்கு இறங்கி, 1950-இல் மறையுந்துணையும் அவ்விடத்தே வாழ்ந்தார் என்பது பலரும் அறிந்ததே. இன்றும் பல நாட்டினரும் அவ்விடத்தை நாடி வருகின்றனர். முழுநிலா நாளில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோர் கூட்டம் அச்சாலையை நிறைக்கும். ஏனை நாளிலோ மயிலின் அகவலும் ஆட்டோக்களின் ஒலியும் மாறி மாறிக் கேட்கும். அச்சாலையோரத்து வீட்டின் பின்புறக் கொட்டகையில், வெண்ணிறக் கான்டெஸா வண்டியொன்று நிற்கின்றது.

இவ்வண்டியின் வரலாறு சுவையுடைத்து. இங்கிலாந்து தேசத்து வாக்ஸ்ஹால் விக்டர் என்னும் வண்டியின் வடிவைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1984 முதல் இதனைச் செய்து விற்றனர், 2002-இல் நிறுத்தினர். தொடக்கத்தில் அம்பாசடர் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினையே இதற்கும் பூட்டினர். அவ்வளவு பெரிய உடலுக்கு அவ்வெஞ்சின் போதாதாயிற்று. பின்னர் ஜப்பானியரின் இசுசு எஞ்சின் 1817 கன சென்டிமீட்டர் அளவில் வந்தது. நீண்ட முன்புறமும், பின்சக்கரங்களால் உந்தப்படும் இயல்பும் நோக்கி, நம் நாட்டு வண்டிப்பிரியர் இதனை இந்தியாவின் ‘மசில் கார்’ என்பர். அப்பெயர் 1964-இல் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. முதலிய அமெரிக்க வண்டிகட்கு உரியது. தமிழில் மல்லவண்டி எனலாம். அமெரிக்க மல்லர்முன் எம் கான்டெஸா இளைத்தவனே. ஆயினும் எம் ஊர்க் கோதாவிற்கு அவனே மல்லன்.

எம் பாட்டனார் தம் ஓய்வூதியப் பணத்திற் பெரும்பகுதியைச் செலவிட்டு இதனை வாங்கினார். ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் செல்லுங்கால், அயலகத்து முதியோர் இருவரையும் ஏற்றிச் செல்வது அவர் வழக்கம். அவர் மறைந்தபின், ஓடாத வண்டியால் யாது பயன், விற்றுவிடுக என்பது எம் தந்தையார் கொள்கை. ஓடும் எனக் காட்டுவேன் என்பது சிறிய தந்தையார் கொள்கை. இங்ஙனம் உடன்பிறந்தார் இருவர்க்கும் இடையே ஈராண்டாக வண்டியொன்று நின்றது. அதனை நகர்த்துதற் பொருட்டே சிறிய தந்தையார் கொங்கு நாட்டில் நடக்கவிருந்த ஆட்டோகிராஸ் பந்தயமொன்றிற் சேர எண்ணினார்.

ஆட்டோகிராஸ் என்பது யாது? பல வண்டிகள் ஒருங்கே முந்தியோடும் பந்தயம் அன்று. திறந்த வெளியில் கூம்புகளை நிறுத்தி வளைந்து வளைந்து செல்லும் தடம் அமைப்பர். ஒவ்வொரு வண்டியும் காலத்தோடு போட்டியிடும். கூம்பைத் தள்ளினால் நொடிகள் தண்டமாகக் கூட்டப்படும். அமெரிக்கர் இதனைத் தார்த்தரையில் நடத்துவர். நம் நாட்டில் பல இடங்களில் மண்தரையே களமாகும். சோழவரத்துப் பழைய விமானத்தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் நிகழ்ந்த பெரும்பந்தயங்கள் போல் இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அன்றாடம் ஓட்டும் வண்டியே போதும். ஆகலின் வண்டிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தலே இதன் உயிர்நிலை. யானையும் ஆடும் ஒரே தட்டில் நிறுக்கப்படலாகாது அன்றோ?

சிறிய தந்தையார் சேர எண்ணிய பந்தயத்தில், அவர்முன் நான்கு வழிகள் இருந்தன. 1600-க்கு மேற்பட்ட வகுப்பில் வண்டியை உள்ளவாறே சேர்க்கலாம். அங்கே இக்காலத்து வலிய வண்டிகள் எதிர்ப்படும். பழைய 1489 எஞ்சினைத் தேடிப் பூட்டி 1600-க்கு உட்பட்ட வகுப்பிற் புகலாம். அது மல்லனைப் பட்டினியிட்டு எடை குறைத்தலை ஒக்கும். எஞ்சினையே மாற்றி, எம்மாற்றத்திற்கும் தடையில்லாத திறந்த வகுப்பிற் சேரலாம். இறுதியாக, 25 ஆண்டு கடந்த வண்டிகட்கென ஒரு வகுப்பு இருந்தது. டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் ஆகியவற்றை மாற்ற அங்கே இசைவுண்டு. எஞ்சின் மட்டும் வண்டிக்குரிய இனத்ததாகவே இருத்தல் வேண்டும்.

வண்டியைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் மூன்றாம் வழியையே வற்புறுத்தினார். “எஞ்சினை மாத்தினா வண்டி பறக்கும் சார்” என்பது அவர் வாக்கு. செலவு இரண்டு இலட்சத்தை எட்டும். சிறிய தந்தையார் கையில் அத்தொகை இருந்தது. ஆயின் அது தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்தது. சிறிய தாயார் ஒன்றும் கூறினாரல்லர். அவரது மௌனமே எமக்குப் பெருங்கவலையாயிற்று.

இந்நிலையில், ஆசிரமத்திற்கு வந்து அண்டை வீட்டில் தங்கியிருந்த அமெரிக்க முதியவர் ஒருவர், கொட்டகையில் வண்டியைக் கண்டு ஆவலுடன் உள்ளே வந்தார். அவர் தம் நாட்டில் இத்தகைய போட்டிகளிற் கலந்தவர். 1944-இல் தோன்றிய அமெரிக்க விளையாட்டு வண்டிக் கழகத்தார், முன்புறம் எஞ்சினும் பின்சக்கர உந்தலும் உடைய தம் நாட்டு மல்லவண்டிகட்கெனத் தனிவகுப்பே வகுத்து, அதனையும் பழமையது, இக்காலத்தது, இருவரிருக்கை உடையது என மூன்றாகப் பகுத்தனர் என்றார். அவ்வகுப்பில் எஞ்சினை மாற்றுதற்கு இடமுண்டு. விரைவில் தேயும் மென்மையான பந்தய டயர்கட்கோ இடமில்லை. இதனைக் கூறிவிட்டு, “முதலில் விதிநூலைப் படியுங்கள்; பின்னர் ஸ்பானரை எடுங்கள்” என்றார். இலக்கணம் கல்லாது செய்யுள் இயற்றப் புகுவாரைப் பற்றி எம் பேராசிரியர் கூறுவதும் இதுவே.

அன்று மாலையே அளந்து பார்ப்பது என முடிவாயிற்று. உறவினர் ஒருவரின் தரிசு நிலத்திற் கூம்புகளை நட்டோம். வளைவுகள் பல, ஒரு முழுத்திருப்பம், 120 மீட்டர் நேர்த்தடம் ஒன்று. சிறிய தந்தையார் ஓட்டினார். கைப்பேசியில் நொடிகளைக் குறிப்பது எம் பணி. முதல் ஓட்டங்களின் சராசரி 58 நொடி. அதனைப் பகுத்து நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. நேர்த்தடத்தில் கழிந்தவை 9 நொடியே. எஞ்சிய 49 நொடியும் திருப்பங்களிற் கழிந்தன. புதிய எஞ்சின் நேர்த்தடத்தில் மூன்றிலொரு பங்கு காலத்தை மீட்பினும் ஆதாயம் 3 நொடி. அவ்வெஞ்சின் எடைமிக்கதாயின் முன்புறம் மேலும் கனத்து, திருப்பத்தில் வண்டி உள்வளையாது வெளியே தள்ளும். ஈட்டிய நொடிகள் அங்கே தொலையும். மறுநாள் டயர்களின் காற்றைச் சீர்செய்து, திருப்பத்திற்கு முன்னரே பிரேக்கை விடுத்து ஓட்டிப் பழகிய அளவில், 58 என்பது 54 ஆயிற்று. இதற்கு ஆன செலவு பெட்ரோல் மட்டுமே.

இதனைக் கண்டபோது எமக்கு இவ்வூர்த் தேரே நினைவிற்கு வந்தது. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் பெருந்தேர் வீதிவலம் வரும். வடம் பிடிப்போர் ஆயிரவர். ஆயினும் வீதிமுனையில் தேரைத் திருப்புவோர், சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடும் சிலரே. நேர்வீதியில் ஓடச் செய்வது வலிமை. முனையில் திருப்புவது அறிவு. ஆட்டோகிராஸ் களமோ முழுவதும் முனைகளால் ஆகியது. வள்ளுவனார் இடனறிதலில், தேர் கடலில் ஓடாது, மரக்கலம் நிலத்தில் ஓடாது என்னும் கருத்தை அமைத்ததன் ஆழம் எமக்கு அன்றே விளங்கிற்று.

மற்றொன்றும் எண்ண வேண்டியதாயிற்று. எஞ்சினை ஒருமுறை மாற்றினால் பழைய வண்டிகளின் வகுப்பு அடைபட்டுவிடும். மாற்றாது வைத்தால் எவ்வகுப்பும் நாளைக்குத் திறந்தே இருக்கும். மேலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு பெற்ற வண்டியைத் தம் விருப்பம்போல் மாற்றுதலைத் தடுக்கின்றது. எஞ்சினை மாற்றுவோர் பதிவு அதிகாரியின் இசைவைப் பெறுதல் வேண்டும். பந்தயத்திற்கு மாற்றிய வண்டி, பின்னர்ச் சாலையில் ஓடுதற்கு உரிமையின்றி நின்றால், பாட்டனார் வண்டி கொட்டகையிலேயே மடியும்.

“நாலைந்து பேர் ஓடும் வகுப்பில் பரிசு பெறுவதும் ஒரு பெருமையா?” என்று மெக்கானிக் கேட்டார். சிறிய தந்தையார் சிறிது நேரம் வாளாவிருந்து, “தம்பி, நான் பரிசுக்கு ஓட்டவில்லை, அண்ணன் பார்க்க ஓட்டுகிறேன்” என்றார். அதன்பின் அவ்விடத்தில் வாதம் நிகழவில்லை. பழைய வண்டிகளின் வகுப்பிற்கே பெயர் கொடுத்தார். நல்ல டயர் நான்கும், பின்புறத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் வாங்கினார். மகளின் கட்டணம் தீண்டப்படவில்லை. சிறிய தாயார் அன்றிரவு பேசத் தொடங்கினார்.

பந்தய நாளில் அவ்வகுப்பில் ஐவர் ஓடினர். சிறிய தந்தையார் மூன்றாமவர். 1600-க்கு மேற்பட்ட வகுப்பில் அவர் நின்றிருப்பின், பதினொருவருள் ஒன்பதாம் இடம் கிடைத்திருக்கும் என்று நேரப்பட்டியலைக்கொண்டு கணக்கிட்டோம். தந்தையாரும் வந்திருந்தார். வண்டி பழுதின்றித் தானே ஓடி ஊர் திரும்பிற்று. விற்பது பற்றி அவர் அன்று வாய்திறக்கவில்லை. எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்றினாய் என்று மட்டும் தம்பியை வினவினார்.

நண்பர்காள்! தன் வலியை மிகுத்து மதித்தலும் குறைத்து மதித்தலும் ஒருங்கே இழுக்காம். மிகுத்து மதித்தோன் திறந்த வகுப்பில் பொருளிழப்பான். குறைத்து மதித்தோன் கொட்டகையிலேயே துருவேறுவான். நொடிகள் எங்கே கழிகின்றன என அளந்தறிந்து, விதியைப் படித்து, மீளமுடியாத மாற்றத்தை இறுதிக்கு வைப்போனே தனக்குரிய வகுப்பை அறிவான். பாடத்துறையைத் தேர்பவர்க்கும் தொழிலைத் தேர்பவர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.