கை நடுங்கலாம்... கேமரா நடுங்காது!

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஒரு சின்ன வீடு. இரவு 10 மணி. சமையலறை மேஜையின் ஒரு பக்கம் நெப்போலியனின் நீலச்சட்டைப் படை. எதிர்ப் பக்கம் பிரிட்டனின் சிவப்புச்சட்டைக் காலாட்படை. இரண்டு படைகளுக்கும் நடுவில் ஒரு சர்க்கரை டப்பா.

டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, மேஜை விளிம்புக்குக் குனிந்து கேமராத் திரையை உற்றுப் பார்க்கிறார் 64 வயதான அந்த மனிதர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜையில் நிற்கும் ஒவ்வொரு சிப்பாயும் 28 மில்லிமீட்டர் உயரம்தான். உங்கள் கட்டைவிரலின் மேல் கணு அளவு. முகம் ஓர் உளுத்தம்பருப்பு அளவு. அந்த உளுத்தம்பருப்பில் கண், மூக்கு, மீசை எல்லாம் இருக்கின்றன. எல்லாமே அவர் கையால் தீட்டியவை.

இப்போது அந்தக் கையால் தீட்ட முடியாது.

பொம்மை அல்ல, படை!

‘இந்த வயதில் பொம்மையா?’ என்று கேட்பவர்களுக்கு அவர் சிரிப்பையே பதிலாகத் தருவார். ஏனென்றால், இந்த விளையாட்டின் வரலாறு கொஞ்சம் நீளம்.

1824-ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் போர்த்தந்திரம் கற்றுக்கொடுக்க, வரைபடமும் பகடையும் கொண்ட ஒரு போர் விளையாட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதை வீட்டுத் தரைக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர், அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுவது எப்படி என்று ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தை 1913-ல் எழுதினார். நிஜப்போரை வெறுத்த மனிதர் அவர். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது.

1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்ற பிசியோதெரபிஸ்ட் எழுதிய ‘வார் கேம்ஸ்’ புத்தகம், பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்கைப் பரவலாக்கியது. பின்னாளில் நாட்டிங்காம் இதன் தலைநகரம் மாதிரியே ஆகிவிட்டது. ‘வார்ஹாமர்’ விளையாட்டை உருவாக்கிய ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. சிப்பாய் உருவங்களைச் செதுக்கும் சிறிய நிறுவனங்களும் இந்த ஊரைச் சுற்றி நிறைய உண்டு.

ஆட்டம் இதுதான். 6 அடி நீளம், 4 அடி அகல மேஜையில் மலை, வயல், வீடு எல்லாம் வைப்பார்கள். படைகளை நிறுத்துவார்கள். யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இன்ச் டேப் சொல்லும். யார் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். ஆனால், பலருக்கு ஆட்டத்தைவிடப் பெரிய சுகம், உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் இருக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து கொலு பொம்மைகளை இறக்கி, பழைய பொம்மைக்குப் புது வண்ணம் பூசும் வீடுகளுக்கு இந்தச் சுகம் புரியும்.

தபால்காரர் தன் முதல் சிப்பாய்க்கு வண்ணம் தீட்டியது 14 வயதில். அதன் பிறகு 50 ஆண்டுகள். வாட்டர்லூ போர்க்களத்தின் இரண்டு பக்கப் படைகளும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன.

ஒரு வெள்ளைக் கோடு

பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்புக் கோட்டின் மேல் இரண்டு வெள்ளைப் பட்டைகள் குறுக்கே போகும். 28 மில்லிமீட்டர் உருவத்தில் அது தலைமுடி போன்ற கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், அந்தக் கோடு கோணலாகப் போனது. டீ அதிகமாகக் குடித்துவிட்டோம் என்று நினைத்தார். அடுத்த வாரம் கண்ணாடியைக் குறை சொன்னார். அதற்கடுத்த வாரம் புது பிரஷ் வாங்கினார். பிறகுதான் டாக்டரிடம் போனார்.

கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் நடுங்காது. எதையாவது செய்யப்போனால் நடுங்கும். உயிருக்கு ஆபத்தில்லாத நடுக்கம்தான் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். டீ கப் தளும்புவது குறைந்தது. ஆனால், உளுத்தம்பருப்பில் கண் வரையும் அளவுக்கு அது போதவில்லை.

மேஜையில் அப்போது 24 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு இருந்தது. 11 பேர் முடிந்திருந்தார்கள். மீதி 13 பேர் சாம்பல் நிற அடிப்பூச்சோடு, முகமில்லாமல் நின்றார்கள். எல்லோரையும் ஒரு பெட்டியில் போட்டு மூடினார். மூன்று மாதம் அலமாரிப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மகள்தான் கேட்டாள். “அப்பா, இத்தனை வருஷமா பண்ணிருக்கீங்க. ஒரு போட்டோகூட இல்லையே. எடுத்தாவது வைங்களேன்.”

“எடுக்குற கையும் இதே கைதானேம்மா” என்றார் அவர்.

கேமரா சொன்ன உண்மை

இருந்தாலும் எடுத்துப் பார்த்தார். மொபைலைச் சிப்பாயின் மூக்குக்கு அருகில் கொண்டுபோய் ஒரு க்ளிக். துப்பாக்கி முனைக் கத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. முகம் கரைந்துபோன ஐஸ்கிரீம் மாதிரி. சமையலறை பல்பின் வெளிச்சத்தில் படம் முழுக்க மஞ்சள். கை நடுக்கத்தில் பாதிப் படங்கள் கலங்கல்.

தெளிவாக வந்த படங்கள் இன்னும் மோசம். கட்டைவிரல் அளவு ஆளைக் கணினித் திரை அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? விட்டுப்போன தோல்வார், எல்லை தாண்டிய வண்ணம், பூச்சுக்குள் சிக்கிய பிரஷ் முடி... எல்லாம் தெரிந்தன. 30 வருடங்களாக ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று அவர் நம்பிய வேலை அது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால், தபால்காரருக்கு விலாசம் தப்பாக இருந்தால் தூக்கம் வராது. தப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

கற்றுக்கொண்ட பாடங்கள்

முதல் பாடம், விலகி நில். மிக அருகில் போனால், கேமராவில் தெளிவாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். அதோடு, முன்னால் நீட்டிய கை பூதக்கை மாதிரி வீங்கித் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது நல்லது. மொபைலில் இரண்டு மடங்கு ஜூம் செய்யும் தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, துவாரத்தைச் சுருக்கு. மகளிடமிருந்து வாங்கிய பழைய கேமராவில் லென்ஸின் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, எஃப் 11 அல்லது எஃப் 16-க்குக் கொண்டு போனால் தெளிவின் ஆழம் கூடும். முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெரியும். அதற்கு மேலும் சுருக்கினால், ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்க ஆரம்பிக்கும். இதற்கும் ஓர் எல்லை உண்டு.

மூன்றாவது, வெளிச்சத்தை மென்மையாக்கு. இடமும் வலமும் ஒரே மாதிரி இரண்டு மேஜை விளக்குகள். முன்னால், கேக் செய்யும்போது தட்டில் விரிக்கும் வெள்ளைத்தாள். அது ஒளியைப் பரப்பி, கடும் நிழலைக் கரைத்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பு வெளிச்சத்தையும் கலந்தால், ஒரு கன்னம் நீலமாகவும் இன்னொரு கன்னம் மஞ்சளாகவும் வரும். அதனால் இரவு வேலைதான் வசதி.

நான்காவது, குனி. நின்றபடி மேலிருந்து எடுத்தால் அது பொம்மை. சிப்பாயின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால் அது மனிதன். பின்னால் வானம் மாதிரி ஒரு நீல அட்டையை நிறுத்தினால் போதும், மேஜை போர்க்களமாகிவிடும்.

ஐந்தாவது பாடம்தான் அவருக்கு மிக முக்கியம். துவாரத்தைச் சுருக்கினால் உள்ளே வரும் ஒளி குறையும். அதனால் ஷட்டர் ஒரு விநாடிகூடத் திறந்திருக்க வேண்டிவரும். எவ்வளவு உறுதியான கையாலும் ஒரு விநாடி ஆடாமல் பிடிக்க முடியாது. எனவே, எல்லோருமே ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, இரண்டு விநாடி டைமர் வைத்து, கையை எடுத்துவிட்டுத்தான் படமெடுக்கிறார்கள்.

அதாவது, நல்ல படம் வேண்டுமென்றால் யாருடைய கையும் கேமராவில் இருக்கக்கூடாது. நடுங்கும் கையும் நடுங்காத கையும் அந்த இரண்டு விநாடியில் சமம்.

இதைப் புரிந்துகொண்ட இரவில், அவர் வெகுநேரம் விழித்திருந்தார்.

மஞ்சள் கோட்டுச் சிறுவன்

பிறகு வரிசையாக ஒவ்வொரு படைப்பிரிவையும் எடுத்தார். படங்களைக் காலவரிசையில் அடுக்கியபோது, அது வாட்டர்லூவின் கதையாக மட்டும் இல்லை. பதின்ம வயதில் தீட்டியவர்கள் மீது எண்ணெய் மாதிரி பளபளக்கும் தடித்த பூச்சு. அதிகாலை வேலைக்குப் போன வருடங்களில் தீட்டியவர்களுக்கு அவசரமான, மெல்லிய பூச்சு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது செய்த பிரிவில் யாருடைய காலடியிலும் புல் ஒட்டப்படவில்லை. அப்போதெல்லாம் அவருக்குக் கிடைத்தது நாளுக்கு 20 நிமிடம்தான்.

ஒரு நாள், பழைய காலாட்படைப் பிரிவு ஒன்றின் படத்தைப் பெரிதாக்கினார். சிவப்புக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோட்டு. அவன் முரசு அடிக்கும் சிறுவன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படையின் பல பிரிவுகளில், முரசடிப்பவர்களின் கோட்டு மற்றவர்களுக்கு நேர்மாறான நிறத்தில் இருக்கும். மற்றவர்களின் காலரில் இருக்கும் மஞ்சள், இவனுக்கு உடம்பெல்லாம் இருக்கும். கூட்டத்தில் சட்டென்று அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா?

அந்தச் சிறுவனுக்கு மட்டும் வண்ணம் தீட்டியது அவருடைய மனைவி. ‘நானும் ஒண்ணு பண்றேன், குடுங்க’ என்று ஒரு மழைநாளில் வாங்கிக்கொண்டவர். அவர் இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன.

திரையில் சிறுவனின் மூக்கின் மேல் பழுப்பு நிறத்தில் சில புள்ளிகள். தூசியாக இருக்கும் என்று நினைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி எடுத்தார். புள்ளிகள் அப்படியே இருந்தன. இன்னும் பெரிதாக்கினார். அது தூசி இல்லை, வண்ணம்.

சிறுவயதில் மகளுக்கு மூக்கின் மேலும் கன்னத்திலும் அதேபோலப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

எத்தனையோ முறை அந்தச் சிறுவனைக் கையில் எடுத்து மேஜையில் நகர்த்தியிருக்கிறார். ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. மனைவியும் சொன்னதில்லை. தவறுகளையெல்லாம் காட்டிக்கொடுத்த அதே கேமரா, இதையும் காட்டியது. படத்தை மகளுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பெட்டி திறந்தது

நாட்டிங்காம் சிற்பக்கலைஞர்களில் மைக்கேல் பெரி என்பவர் உண்டு. இரட்டைச் சகோதரர்களில் ஒருவர். பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில், பீரங்கி வெடித்து ஒரு கையை இழந்தார். இன்னொரு கையால் உருவங்களைச் செதுக்கப் பழகிக்கொண்டார். தபால்காரருக்கு அந்தக் கதை எப்போதோ தெரியும். அது வேறு யாருக்கோ நடந்த கதையாகவே இருந்தது, பெட்டியை மறுபடி திறக்கும்வரை.

முடிந்த 11 பேரையும், முடியாத 13 பேரையும் ஒன்றாக நிறுத்தினார். சாம்பல் முகங்கள் பின்வரிசையில். பின்னால் நீல அட்டை. அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கிளப் நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு, “எங்க படையையும் எடுத்துக் கொடுங்க” என்று பெட்டிகளோடு வர ஆரம்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் சமையலறை மேஜையில் ரோமானியர்கள் வருகிறார்கள், வைக்கிங்குகள் வருகிறார்கள், சில நாள் விண்வெளி வீரர்களும் வருகிறார்கள். அடுத்தவர் தீட்டிய உளுத்தம்பருப்பு முகத்தை அவர் பொறுமையாகப் பார்க்கிறார். எந்த வளைவில் வெளிச்சம் விழ வேண்டும் என்பது, 50 வருடம் தீட்டியவருக்குத் தெரியாதா?

விளக்கைச் சரிசெய்கிறார். ஃபோகஸை முகத்தில் வைக்கிறார். டைமரை அழுத்துகிறார்.

இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, காத்திருக்கிறார்.

க்ளிக்!