தாத்தா தேடிய ஓட்டை

மயிலாப்பூர்,
ஆவணி முதல் வெள்ளி

அன்புள்ள கயல்,

போன ஞாயிறு உன் அறைக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். காகிதத்தில் இருந்தால் கையில் ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டாவது ஒரு தடவை படிப்பாய். அதுக்காகத்தான்.

முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன். தி.நகரில் குடியிருந்துகொண்டு மூணு வேளையும் நூடுல்ஸ் தின்கிற பெண் நீ ஒருத்திதான். கழுத்து எலும்பு தெரிகிறது. உங்கப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடுவான். நேற்று பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கொடுத்தனுப்பினேன். பொடி தீர்வதற்குள் சாதம் வடிக்கப் பழகிக்கொள்.

இனி உன் பெட்டி விஷயம். பக்கத்து வீட்டில் தூக்கிப்போட்ட பிளைவுட் அலமாரியைக் கெஞ்சி வாங்கி, தட்டுகளைக் கழற்றி, மூணு 12 வாட் பல்பு மாட்டி, அதில் பாட்டியின் மஞ்சள் செவ்வந்தியை நட்டிருக்கிறாய். பால்கனியும் வெயிலும் இல்லாத அறையில் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தாயே, அன்றைக்கு வாய்விட்டுப் பாராட்டவில்லை, இப்போது பாராட்டுகிறேன். ஆனால் இலை இலையாகத் தழைத்துக்கொண்டு போகிறது, ஒரு மொட்டுகூட இல்லை. அதே செடியில் கிள்ளிய துண்டுதான் இங்கே மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மறைவில், வருஷா வருஷம் பூக்கிறது. நீ உரத்தைச் சந்தேகப்பட்டாய். உரத்தில் ஒன்றுமில்லை, இருட்டில்தான் குறை.

செவ்வந்தி இரவை எண்ணுகிற செடி. நீளமான, இடையில் வெளிச்சம் படாத இரவு வரிசையாகக் கிடைத்தால்தான் பூக்கத் துணியும். இதை முதலில் கண்டுபிடித்தவர்களும் உன்னை மாதிரி ஒரு பெட்டி செய்துதான் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர். அவர்களிடம் மேரிலாந்து மாமத் என்று ஒரு புகையிலை. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், கோடையில் பூக்கவே பூக்காது. 1918இல் ஒரு சின்ன இருட்டுக் கொட்டகை கட்டி, சாயங்காலம் 4 மணிக்குத் தொட்டியை உள்ளே தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். கோடையிலேயே பூத்தது. 1920இல் அதை எழுதி வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் நம் ரோட்டோரத்து மருளூமத்தையை வைத்துப் பார்த்தார்கள். நீண்ட இரவின் நடுவில் ஒரே ஒரு நிமிஷம் விளக்கைப் போட்டால் போதும், அது பூக்க மறுத்துவிட்டது. செவ்வந்தி அவ்வளவு தொட்டாற்சிணுங்கி இல்லை. ஆனால் தினமும் ராத்திரி கணிசமான நேரம் வெளிச்சம் பட்டால் பகல் இன்னும் முடியவில்லை என்றே நினைத்துக்கொள்ளும். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துதான் தொழில் பண்ணுகிறார்கள். தண்டு நீளும்வரை ராத்திரியில் பல்பு போடுவார்கள், பூ வேண்டும் என்றதும் கறுப்புத் துணியை இழுத்து மூடுவார்கள்.

சென்னையில் ஜூன் மாதத்துப் பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. டிசம்பரில் 11 மணி 20 நிமிஷம்தான். செவ்வந்திக்கு வேண்டிய இரவு இந்த ஊரிலேயே இருக்கிறது. உன் தெருவில் இருட்டைத்தான் காணோம். எதிரே இருக்கிற நகைக்கடைப் பலகை உன் அறைச் சுவரைச் சிவப்பும் நீலமுமாக அடிக்கிறதே, அந்த வெளிச்சத்தில் உன் மேஜை மேலிருந்த மளிகைச் சீட்டை என்னால் படிக்க முடிந்தது.

இருட்டு அறை கட்டுவது நம் குடும்பத் தொழில் என்பது உனக்கு மறந்துவிட்டது. கச்சேரி ரோட்டுச் சந்தில் தாத்தாவின் ஸ்டூடியோவை நீ பார்த்ததில்லை; அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் பார்த்திருக்கிறாய். டார்க் ரூமுக்கு இரண்டு திரை, நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். "வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது, காத்துக்குத் தெரியும்" என்பார் தாத்தா. உன் பெட்டிக்கு ஆயிரம் ரூபாய் சாமான் வேண்டாம், அந்த ஒரு வரி போதும்.

முதல் வேலை, ஓட்டை எங்கே என்று பார்ப்பது. ராத்திரி ஜன்னலைப் போர்வையால் மூடு. பெட்டிக்குள் ஒரு டார்ச்சை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்து. அறை விளக்கை அணைத்துவிட்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார். போனைத் தொடாதே, கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும். அப்புறம் பெட்டியைச் சுற்றி வந்தால் மின்மினி மாதிரி ஒவ்வொன்றாகத் தெரியும். தெரிகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போடு. பின் பலகை சேருகிற மூலை, ஒயர் நுழைகிற துளை, கதவின் கீல் பக்கம், இந்த மூணும் கண்டிப்பாக இருக்கும்.

நீ தெர்மாக்கோலையும் செய்தித்தாளையும் ஒட்டியிருக்கிறாய். இரண்டையும் பிய்த்துப் போடு. தெர்மாக்கோல் கனமாகத் தெரியுமே தவிர, பின்னால் டார்ச் அடித்தால் பாலாடை மாதிரி ஒளிரும். கறுப்புக் குப்பைக் கவர் ஒற்றை அடுக்கில் வெளிச்சத்தை நிறுத்தாது. நமக்கு ஏற்றது பழைய பிளக்ஸ் பேனர், அதிலும் பின்பக்கம் கறுப்பாக இருக்கிற ரகம். இந்த ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டி அவிழ்த்த பேனருக்கா பஞ்சம்? எங்கள் தெரு பிரிண்டிங் கடைப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் பெட்டிக்கு வெளியே சுற்றி மூலையில் மடித்து ஆணி அடி. வெட்டி ஒட்டினால் அங்கே ஒரு கோடு கசியும். உள்பக்கம் வெள்ளை பெயின்ட் அடி, பல்பு வெளிச்சம் வீணாகாமல் இலைக்கே திரும்பும். மூலை இடுக்குக்கும் ஒயர் துளைக்கும் எம்-சீல்.

கதவுக்கு டேப் ஒட்டி அடைக்கப் பார்க்காதே, நாலு நாளில் சென்னைப் புழுக்கத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். கதவு சாத்தும் இடத்தில் உள்பக்கம் சுற்றிலும் ஓர் அங்குல மரச் சட்டம் அடித்து, அதன்மேல் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டு. கதவு அந்தச் சட்டத்தில் அழுந்தி உட்காரும். வெளிச்சம் நுழைந்தாலும் ஒரு படி திரும்பியாக வேண்டும். அதற்குமேல் குடைத்துணியை இரண்டாக மடித்து முன்பக்கம் தொங்கவிடு.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மூச்சுக்கு வழி விடாமல் இருந்துவிடாதே. சூடு தேங்கினாலும் செவ்வந்தி மொட்டைத் தள்ளிப்போடும். பிளம்பிங் கடையில் பிவிசி எல்போ நாலு வாங்கு. இரண்டிரண்டாக மாட்டினால் பாம்பு வளைவு வரும். உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்துவிடு. கரும்பலகைக்கு அடிப்பதே போதும். ஒன்று கீழே காற்று நுழைய, ஒன்று மேலே காற்று வெளியேற. மேலே இருப்பதில் ரிச்சி தெருவில் விற்கிற பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மாட்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் சுவரில் உயர மாட்டு. தண்ணீரும் கரன்ட்டும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிவப்பாக ஒரு பொட்டு எரிகிறதே, அது பெட்டிக்குள் எட்டிப் பார்க்காதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடு. தாத்தாவின் டார்க் ரூமில் சிவப்பு பல்புதான் எரியும். அந்தப் போட்டோ காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. செடி நேர் எதிர். இலையில் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. ராத்திரியில் அதைத் தட்டி எழுப்புவதே சிவப்பு வெளிச்சம்தான்.

டைமரைக் காலை 6.30க்கு ஏற்றி சாயங்காலம் 5.30க்கு அணைக்கிற மாதிரி வை. 11 மணி நேரம் வெளிச்சம், 13 மணி நேரம் இருட்டு. அரசாங்கம் தருகிற இலவச யூனிட் வாடகைக்கு இருக்கிற உன் கைக்கு வந்து சேருவதில்லை, தெரியும். ஆனாலும் 36 வாட்டுக்கு இரண்டு மாசத்தில் 24 யூனிட்தான் ஆகும். உன் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டாலும் 200க்குள் அடங்கும். சாமான் செலவுக்கு இந்தக் கடிதத்தோடு ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கிறேன். திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே.

கயல், இத்தனையும் சொன்னேன், பெரிய ஓட்டையை இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்கு நீ என்ன செய்தாய்? "அத்தை, இங்கே பாரேன்" என்று கதவைத் திறந்து, பல்பைப் போட்டு, ஒவ்வோர் இலையாகத் திருப்பிக் காட்டி, உன் சிநேகிதிக்கு வீடியோ காலில் வேறு காட்டினாய். முக்கால் மணி நேரம். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் இதுதான் முதல் வேலை என்று நீயே பெருமையாகச் சொன்னாய்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், உங்கப்பாவுக்கும் தெரியாது. எனக்கு ஒன்பது வயசு. தாத்தா காபி குடிக்கப் போயிருந்தார். டார்க் ரூம் கயிற்றில் ஒரு கல்யாணப் படம் காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் நெற்றிச்சுட்டியைப் பார்க்க ஆசைப்பட்டு வெள்ளை விளக்கைப் போட்டேன். மேஜையில் புதுக் காகிதப் பெட்டி மூடாமல் இருந்ததைக் கவனிக்கவில்லை. பார்த்துவிட்டு அணைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவர் போட்ட பிரிண்ட் ஒவ்வொன்றும் சாம்பல் பூத்து வந்தது. நூறு தாள், கடனுக்கு வாங்கியது.

திரையில்தான் ஓட்டை என்று அவர் முடிவு கட்டினார். இரண்டு நாள், அந்தப் புழுக்கத்தில், இருட்டில் பத்துப் பத்து நிமிஷம் நின்று, கசிகிற இடத்திலெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டார். மேலே உனக்குச் சொன்ன வித்தையை நான் கற்றது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்று சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தவள் நான். ஏழு ஓட்டை கண்டுபிடித்து அடைத்தார். அவர் தேடிய ஓட்டை அவர் பக்கத்திலேயே பாவாடை சட்டையோடு நின்றது. கடைசிவரை சொல்லவில்லை.

அதனால் அத்தை பேச்சைக் கேள். தண்ணீரோ, பார்ப்பதோ, கொஞ்சுவதோ, காலை ஏழு மணிக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அந்தக் கதவு உன்னுடையது இல்லை. மூணு நாலு வாரத்தில் நுனியில் மிளகளவு மொட்டு தெரியும், ஐப்பசியில் பூத்துவிடும். மொட்டு கண்டதும் படம் எடுத்து அனுப்பு. ராத்திரி எடுத்த படமாக இருந்தால் நான் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
அத்தை