சிவப்புக் கோடு போட்ட நான்கு டயர்கள்



"சார், மூணு மாசமா ஆளையே காணோம், மிச்சிகன்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டுப் பலர் செய்தி அனுப்பியிருந்தீர்கள். டயர் வாங்கிக்கொண்டிருந்தோம். சிரிக்க வேண்டாம். நான்கே நான்கு டயர் தேர்ந்தெடுக்க எங்கள் வீட்டில் ஐந்து வாரம் ஆயிற்று. அதில் இரண்டு நாள் நானும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மகன் டெட்ராய்ட்டுக்கு வடக்கே குடியிருக்கிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கினான். 1967ஆம் வருடத்து போன்டியாக் ஜி.டி.ஓ. பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. போன்டியாக் ஊர்த் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. மனைவி காலமான பிறகு அதை வெளியே எடுக்க மனம் வரவில்லையாம். எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காதவர், என் மகனுக்குக் கொடுத்தார். இரண்டு குளிர்காலம் இவன் அவர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்திருக்கிறான், அதுதான் காரணம் என்று என் மருமகள் சொல்கிறாள்.

இந்த மாதிரி வண்டியை இங்கே 'மஸில் கார்' என்கிறார்கள். நடுத்தர அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய எஞ்சின். இந்த ரகத்தைத் தொடங்கிவைத்தது 1964இல் வந்த ஜி.டி.ஓ.தான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். பெயர் இத்தாலியின் ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டது. நடுத்தர வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தில் ஒரு விதி இருந்தது. போன்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவர் சகாக்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் அம்சமாக நுழைத்துவிட்டார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்த கதை! 1967இல் எஞ்சின் 400 கன அங்குலம் ஆனது. நம் கணக்கில் ஆறரை லிட்டர். நான் ஓட்டிய அம்பாசடரில் அது ஒன்றரை லிட்டர்.

எஞ்சின், பெயின்ட், சீட் எல்லாம் மகன் வேலை செய்து முடித்துவிட்டான். பாக்கி டயர். வண்டியில் இருந்தவை பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தன, பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் 3204. அதாவது 2004ஆம் வருடத்தின் 32ஆவது வாரத்தில் செய்தது. இருபது வயது! ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை. நின்ற இடத்திலேயே காற்றும் வெயிலும் பட்டு இறுகி வெடிக்கும். மிஷ்லான் போன்ற கம்பெனிகளே பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரையும் ஓட்டாதீர்கள் என்று சொல்கின்றன.

ஜி.டி.ஓ.வுக்கு அந்தக் காலத்தில் கம்பெனி போட்டுக் கொடுத்தது சிவப்புக் கோட்டு டயர். கருப்பு ரப்பரில் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு சிவப்பு வளையம். அந்தப் பழைய டயர்களை இன்றும் அதே வடிவத்தில், அதே எழுத்துகளோடு செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். டென்னஸி மாநிலத்தில் 1958இல் தொடங்கிய கோக்கர் டயர் அதில் பெயர்பெற்றது. மகன் முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்தது இதைத்தான்: எஃப் 70-14 அளவு, பழைய முறையிலேயே கட்டிய டயர், நான்கும் ஆயிரம் டாலருக்கு மேல்.

பழைய முறை என்றால் என்ன? நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகப் போட்ட பின்னல். பழைய டயருக்குள் நூல் அடுக்குகள் அப்படித்தான் ஒன்றுக்கொன்று சாய்வாகக் கடந்து போகும். கட்டிலில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தால் மறு ஓரமும் இழுபடும் அல்லவா? அதேபோல டயரின் பக்கச்சுவர் வளையும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளியும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே தனியாக எஃகுப் பட்டை. பக்கச்சுவர் தன் பாட்டுக்கு வளையும், அடிப்பகுதி தரையில் பதிந்து நிற்கும். மிஷ்லான் இதை 1940களிலேயே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கக் கார்கள் ரேடியலுக்கு மாறியது 1970களில்தான். நம் ஊர் லாரிக்காரர்கள் 'நைலானா, ரேடியலா' என்று கேட்பதும் இந்த வித்தியாசத்தைத்தான்.

பழைய டயரின் குணங்களை அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். சாலையில் நீளவாக்கில் பள்ளக்கோடு இருந்தால் வண்டி அதன் பின்னாலேயே போகும். நைலான் நூல் வைத்ததாக இருந்தால், ராத்திரி முழுக்க நின்ற இடம் தட்டையாகி, காலையில் முதல் சில மைல் 'தட் தட்' என்று அடிக்கும். ஈரத்தில் பிடிமானம் குறைவு. இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்.

அந்தப் பின்சீட்டில்தான் என் பேத்தியை உட்காரவைத்துக்கொண்டு, இலையுதிர் காலத்தில் ஆப்பிள் தோட்டத்துக்குப் போகப்போவதாக மகன் சொல்லிக்கொண்டிருந்தான். மழைக்காலம் வேறு. "புள்ளைய ஏத்தறதா இருந்தா அந்த டயர் வேண்டாம்" என்றேன். அவன் காரணம் சொன்னான். லேசான காரணங்கள் இல்லை. கண்காட்சியில் நடுவர்கள் ரேடியலைப் பார்த்தால் மதிப்பெண் குறைப்பார்கள். ரேடியலின் வயிறு கீழே பிதுங்கி நிற்கும், பழைய டயரின் உருண்ட தோள் அதில் வராது. இந்த வண்டியின் சஸ்பென்ஷனே அந்த டயருக்காக அமைத்தது. எல்லாவற்றுக்கும் மேல், பெரியவர் தன் வண்டியை 1967இல் பார்த்தபடி ஒருமுறை பார்க்க வேண்டும். "அவர் என்னை நம்பிக் கொடுத்திருக்கார்ப்பா. இது உங்க கிளாஸ் இல்ல" என்றான்.

அதோடு பேச்சு நின்றது. மருமகள்தான் பாவம், "மாமா, காபி" என்று இரண்டு பக்கமும் தூது போனாள்.

மூன்றாம் நாள் பெரியவரே கராஜுக்கு வந்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டினார். (நான் 'ஸ்டெப்னி' என்றதும் அவருக்குப் புரியவில்லை. அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் உபரிச் சக்கரம் செய்த கம்பெனியின் பெயர். நாம் இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம்.) வண்டியோடு வந்த அசல் சிவப்புக் கோட்டு டயர், தரையைத் தொட்டதே இல்லையாம். தட்டிப் பார்த்தேன், பலகை மாதிரி சத்தம் வந்தது. மகன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "இதே மாதிரி நாலும் வாங்கப்போறேன்" என்று அவரிடம் சொன்னான்.

பெரியவர் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். அவரோ, "எதுக்கு?" என்றார். அந்த நாளில் அதைவிட நல்லது கிடையாது, அதனால் ஓட்டினோம். 1970களின் நடுவில் ரேடியல் கைக்கு எட்டிய விலைக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றிவிட்டேன், என் மனைவி மழையில் இந்த வண்டியில் ஏறச் சம்மதித்ததே அதற்கு அப்புறம்தான் என்றார். மகன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மியில் அரைத்த சட்னியின் ருசியைப் பற்றி நாங்கள் பேசும்போதெல்லாம் அவர் ஒன்றும் சொல்லாமல் மிக்ஸியைப் போடுவார். அரைத்த கை அவருடையது.

ஆனாலும் மகனின் ஆசையை அடியோடு தள்ள எனக்கு மனமில்லை. சிவப்பு வளையத்தோடு ரேடியலும் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தது பேத்திதான், கம்ப்யூட்டரில். 215/70ஆர்14. இந்த எண்ணைப் பாருங்கள்: 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 ரிம்மின் விட்டம், அதுமட்டும் அங்குலத்தில்! ஒரே விடையில் இரண்டு அலகு எழுதியிருந்தால் உங்களுக்கு எத்தனை மார்க் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பேத்தியைக் கணக்குப் போடச் சொன்னேன். பக்கச்சுவர் 150.5, இரண்டு பக்கத்துக்கு 301. ரிம் 355.6. மொத்த விட்டம் 656.6 மில்லிமீட்டர். பழைய எஃப் 70-14 இதைவிடச் சற்று உயரம். அதனால் வேகமானி நிஜ வேகத்தைவிட ஒரு பிடி கூட்டிக் காட்டும். "கூட்டிக் காட்டினா நல்லதுதானே தாத்தா?" என்றாள். முழு மார்க்.

மகன் இரண்டு நாள் யோசித்துவிட்டு அதையே ஆர்டர் செய்தான். கண்காட்சி மதிப்பெண் போனால் போகட்டும் என்றான். அவனுக்கு அது எளிதாக இருக்கவில்லை, எனக்குத் தெரியும். டயர் வந்ததும் முதலில் தேதி இலக்கத்தைப் பார்த்தோம், செய்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இப்படி அரிதாக விற்கும் டயர் கிடங்கில் எத்தனை நாள் தூங்கியது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாட்டியபின் முன்சக்கர அலைன்மென்ட்டும் மாற்றவேண்டி வந்தது, பழைய கையேட்டில் உள்ள அளவு பழைய டயருக்கானது. அசல் ஸ்டெப்னி டிக்கியிலேயே இருக்கிறது, பார்ப்பதற்கு மட்டும். நிஜ ஸ்டெப்னி ஒன்று அதன் பக்கத்தில்.

போன வாரம் உட்வர்ட் அவென்யூவில் ஒரு சாயங்காலம் போய்வந்தோம். அமெரிக்காவில் கான்கிரீட் போட்ட முதல் ஒரு மைல் நெடுஞ்சாலை 1909இல் இந்தத் தெருவில்தான் வந்தது. அறுபதுகளில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் ரேஸ் விட்டதும் இங்கேதான். 1995 முதல் ஆகஸ்ட் மாதத்தில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகின்றன. பெரியவர் முன்சீட்டில், நானும் பேத்தியும் பின்னால். நல்ல தூறல். மகன் நாற்பது மைலுக்கு மேல் போகவில்லை. பெரியவர் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை வைத்துக்கொண்டு மழையில் நனையவிட்டார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் டயரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அப்போ இருந்த சிவப்பு இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்பு" என்றார்.

சரி, இப்போது உங்களுக்கு வீட்டுப்பாடம். கார், பைக், ஸ்கூட்டர் எதுவானாலும் இன்றைக்கே டயரின் பக்கவாட்டில் அந்த நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஸ்டெப்னியையும் சேர்த்து. சில டயரில் அது உட்பக்கம் இருக்கும், குனிய வேண்டும். என்ன எண் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்கிறேன். கடைசி பெஞ்சுக்காரர்களிடமிருந்து தொடங்கலாம்.