வீட்டுக்கு அனுப்பலாமா, ஆஸ்பத்திரியில் சேர்க்கணுமா? ஒரு டி.பி. கதை

1/
"டாக்டரம்மா, இவர எங்கனா சேர்த்துடுங்க. வூட்ல ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்குது."

செஞ்சியில் என் கிளினிக்கில் ஒரு சாயங்காலம் ஒரு பெண் சொன்னது இது. பக்கத்தில் அவங்க வீட்டுக்காரர். நெல் மூட்டை தூக்கும் தொழிலாளி. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என் மேஜையில் அவருடைய சளிப் பரிசோதனை ரிசல்ட். டி.பி. என்று வந்திருந்தது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
அந்தம்மா கேட்ட கேள்விக்கு விடை கண்டுபிடித்த ஊர் எது தெரியுமா? லண்டன் இல்லை, நியூயார்க் இல்லை. நம்ம மெட்ராஸ்.

அந்த விடையைத் தப்பாகப் புரிந்துகொண்டு நான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, அவர் இறந்தும் போனார். ரெண்டையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையாகப் படிங்க.

3/
முதலில் பழைய கதை. சென்னையில் மின்சார ரயிலில் போனவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் தெரிந்திருக்கும். சானடோரியம் என்றால் காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கும் இடம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி. மருந்து வருவதற்கு முன்னால் இதுதான் வைத்தியம்.

1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. 'டி.பி.யா? படுக்கை போடு' என்பதுதான் பெரும்பாலான டாக்டர்களின் எண்ணம். நம் நாட்டிலோ லட்சக்கணக்கில் நோயாளிகள். அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது?

4/
1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, என் கிளினிக்கில் அந்தம்மா கேட்ட அதே கேள்வி. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதுமா, சானடோரியத்தில் சேர்த்தே ஆகணுமா?

5/
எப்படிக் கண்டுபிடிப்பது? 'முடியாதவங்களைச் சேர்ப்போம், தெம்பா இருக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்புவோம்' என்று டாக்டரே பிரித்தால் கணக்கு கெட்டுவிடும். முடியாதவர்கள் எல்லாம் சானடோரியத்தில் இருப்பார்கள். அங்கேதான் அதிகம் பேர் சாவார்கள். பார்க்கிறவர் 'சானடோரியம் மோசம்' என்பார்.

அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்தார்கள். யார் எங்கே என்பதை டாக்டரும் முடிவு பண்ணவில்லை, நோயாளியும் முடிவு பண்ணவில்லை. நகரத்தின் நெரிசலான, ஏழைப் பகுதிகளில் இருந்து வந்த 193 பேர். ஒரு பாதி வீட்டில், ஒரு பாதி சானடோரியத்தில். ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

6/
1959-ல் முடிவு வெளியானது. வருடக் கடைசியில் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். அந்த எண்ணிக்கைக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது அதுவும் மறைந்துவிட்டது.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று எல்லாம் கிடைத்தது. எடையும் அவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியது. ஆனால் கிருமி ஒழிவதில் அது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. வேலையைச் செய்தது மருந்துதான்.

7/
'வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்குமே?' அதையும் பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை எடுத்தவர்களின் குடும்பத்தில் நோய் அதிகம் வரவில்லை. காரணம் ரொம்ப எளிமையானது. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, இருமிக்கொண்டு திரிந்த மாதங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. சரியான மருந்து ஆரம்பித்த பிறகு பரவும் தன்மை வேகமாகக் குறைகிறது.

இந்த ஆராய்ச்சிக்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. பெயர் வெளியே தெரியாத அந்த 193 மெட்ராஸ்வாசிகளுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

8/
இப்போ என் கதை.

இதையெல்லாம் நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள். எம்.பி.பி.எஸ். முடித்து முதல் வேலை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். தப்பு என்னுடையது.

கூலி வேலை செய்கிற ஒருவரை அவருடைய அம்மாவும் தம்பியும் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். டி.பி. உறுதியாகியிருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பத்து நாள் பெட்ல போட்டு வையி தாயி" என்றார்.

9/
நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அம்மா, அதெல்லாம் அந்தக் காலம். இப்போ வீட்லயே மாத்திரை சாப்பிட்டாப் போதும். ஆராய்ச்சியே பண்ணிப் பாத்துட்டாங்க."

சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படித்ததைப் பயன்படுத்துகிறோம் என்ற பெருமை.

பத்தாவது நாள் அவர் இறந்துவிட்டார் என்று சுகாதார ஊழியர் வந்து சொன்னார். மாத்திரை அட்டையில் ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டிருந்தார்.

10/
நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து சரி. அவரும் சொன்னபடி கேட்டார். அப்புறம் எங்கே தப்பு?

நான் அவரை எடை பார்க்கவில்லை. அப்போதெல்லாம் வாரம் மூன்று நாள் மாத்திரை. பெரும்பாலான பெரியவர்களுக்கு ஒரே மாதிரி டப்பா. எடை பார்க்காமலே கொடுத்துவிடலாம். எடை மெஷின் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. மூச்சை எண்ணவில்லை. 'கையை விடுங்க, அவர் தானா நிக்கட்டும்' என்று சொல்லவில்லை. ரெண்டு பேர் தாங்கிப் பிடித்து நிற்பது என் கண் முன்னால் இருந்தது. நான் பார்த்தது ரிப்போர்ட்டை.

சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எடை எவ்வளவு என்ற கேள்விக்கே இன்று வரை பதில் இல்லை.

11/
ரொம்ப நாள் கழித்து அந்த மெட்ராஸ் ஆராய்ச்சியை முழுசாகப் படித்தேன். பரீட்சைக்குப் படித்தது ஒற்றை வரி: 'வீடும் சானடோரியமும் ஒன்றே.'

அசலில் இருந்த 'வீடு' வேறு. வாரா வாரம் நோயாளி மையத்துக்கு வந்து மருந்து வாங்கணும். சொல்லாமல் கொள்ளாமல் ஊழியர்கள் வீட்டுக்குப் போவார்கள். மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் இருந்தாலும் ஆள் கண்காணிப்பில்தான் இருந்தார்.

அவர்கள் செய்தது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. நான் செய்தது வீட்டுக்கு அனுப்பிவிடுவது. ஆராய்ச்சியின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த முடிவு எப்படி வந்ததோ அந்த உழைப்பை விட்டுவிட்டேன்.

12/
இன்னொன்றும் இருக்கிறது. 86 சதவீதம் என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். என் முன்னால் நிற்பவர் அந்த 86-ல் ஒருவரா, மீதி 14-ல் ஒருவரா என்று அந்த எண் சொல்லாது. அதை நான்தான் அவரைத் தொட்டு, நிறுத்தி, எடை போட்டுப் பார்க்கணும்.

13/
நான் தவறவிட்ட அந்தக் கேள்வியை இப்போது நம் மாநிலமே கேட்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு வந்த திட்டம். காரணம், டி.பி.யில் இறப்பவர்களில் நிறைய பேர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள்.

நோய் உறுதியான உடனே பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்:

உயரத்துக்கு எடை மிகக் குறைவா? காலில் வீக்கமா?
நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குதா? ஆக்சிஜன் 94-க்குக் கீழேயா?
பிடிமானம் இல்லாமல் தானா நிற்க முடியுதா?

இதில் ஆபத்து தெரிந்தால் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முழுசாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் உடனே சேர்க்கணும். இதற்கு ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம். ஒரு எடை மெஷின், ஒரு கைக்கடிகாரம், விரலில் மாட்டும் ஒரு சின்னக் கருவி. அஞ்சு நிமிஷ வேலை.

14/
திரும்பவும் என் கிளினிக். அந்த அண்ணனை எடை மெஷினில் ஏறச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"தெனமும் மூட்டைய எடை போடுவோம் டாக்டரம்மா. எங்கள யாரு எடை போட்டா?"

46 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். மெலிவுதான், ஆனால் ஆபத்தான கோட்டுக்கு மேலே. மூச்சு 18. ஆக்சிஜன் 97. காலில் வீக்கம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

அப்போதுதான் அந்தம்மாவிடம் சொன்னேன். "இவர வீட்லயே பாத்துக்கலாம்மா. எதனால அப்படிச் சொல்றேன்னு கேட்டுக்கோங்க." இந்தத் தடவை காரணத்தோடு சொன்னேன்.

15/
தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் ஏற்கெனவே ஆரம்பமாகியிருந்தது. பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டி.பி. தட்டில் பரவாது, காற்றில்தான் பரவும் என்று சொன்னேன். முதல் சில வாரங்களுக்கு மாஸ்க், ஜன்னலைத் திறந்து வைப்பது, இருமும்போது வாயை மூடுவது. இதுதான் முக்கியம். பிள்ளைகளுக்கும் அந்தம்மாவுக்கும் பரிசோதனை, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து. இலவச மாத்திரைக்கு அரசு மருத்துவமனையில் பதிவு பண்ணினோம்.

16/
"சத்தா என்ன குடுக்கணும்?" என்று அந்தம்மா கேட்டாங்க.

நல்ல சாப்பாடு கிருமியைக் கொல்வதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்று மெட்ராஸ் சொன்னதே, அப்போ சாப்பாடு முக்கியம் இல்லையா?

கேள்வியைக் கவனிக்கணும். மெட்ராஸில் கேட்டது, 'கிருமி ஒழியுமா' என்று. 2019-ல் தொடங்கி ஜார்க்கண்டில் வேறு கேள்வி கேட்டார்கள். நோயாளிகள் 2,800 பேர், அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள். குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கும் அரிசி, பருப்பு. அப்படிக் கிடைத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் ரெண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறப்பதும் குறைவாக இருந்தது. 2023-ல் லான்செட் குழும இதழ்களில் வந்த முடிவுகள் இவை.

மருந்து கிருமியைக் கொல்லும். சோறும் பருப்பும் ஆளைத் தாங்கும், வீட்டில் இருப்பவர்களையும் காக்கும். ரெண்டு ஆராய்ச்சியும் சரிதான். கேட்ட கேள்விதான் வேறு.

17/
டி.பி. நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது (2024 நவம்பருக்கு முன் 500). நிறைய பேருக்கு இது தெரியாது. ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொண்டுபோய்ப் பதிவு பண்ணுங்க.

கோட்டைக்குள்ளே அரண்மனை மாதிரி நெற்களஞ்சியம் கட்டி வைத்த ஊர் எங்க ஊர். நெல் மூட்டை தூக்குகிறவர் 46 கிலோ. இதை எழுதும்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

18/
ஆறு மாதம். எடைக்குத் தகுந்தபடி தினமும் மூன்று மாத்திரையில் தொடங்கினார். முதல் மாதம் வாரா வாரம் வரச் சொல்லி எடை பார்த்தேன். ரெண்டு தடவை வரவில்லை. போன் போட்டேன், அந்தம்மா திட்டிக் கூட்டி வந்தாங்க. கடைசி நாள் மெஷின் 53 காட்டியது.

"ராஜகிரி ஏறிப் பாத்துட்டேன் டாக்டரம்மா. பாதியில ஒருதரம் உக்காந்தேன், அவ்ளோதான்" என்றார்.

19/
'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று வாட்ஸ்அப்பில் எது வந்தாலும், டாக்டரே சொன்னாலும், மூன்று கேள்வி கேளுங்க.

யாரைச் சோதித்தார்கள்? என்னை மாதிரி ஆள் அதில் இருந்தாரா?
எதோடு ஒப்பிட்டார்கள்? பிரித்தது குலுக்கல் மாதிரியா, இஷ்டப்படியா?
என்ன கேள்விக்கு விடை? கிருமி போனதா, ஆள் பிழைத்தாரா, திரும்ப வேலைக்குப் போனாரா?

20/
வீட்டில் யாருக்காவது டி.பி. என்று தெரிந்தால் பயப்படாதீங்க. பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலேயே முழுசாகக் குணமாகும். ஆனால் முதல் நாளே எடை பார்த்தார்களா, மூச்சை எண்ணினார்களா, தானா நிற்கச் சொன்னார்களா என்று கவனிங்க. டாக்டர் மறந்திருந்தால் நீங்களே கேளுங்க. 'எடை பாக்கலியா டாக்டர்?' என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால், நான் கோபித்திருக்க மாட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை பண்ணிடுங்க. அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, ஓ.பி. முடிந்ததும் பதில் சொல்கிறேன்.