மயில் வால் விமானம்

நட்டத்தில் ஓடுகிற ஒரு விமானக் கொம்பனி பிழைத்திருக்க வேண்டுமா, மூடப்பட வேண்டுமா என்று எழுத எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாரிசில் ஒரு றெஸ்ரோரண்டின் குசினியில் நிற்பவன் நான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2012 இல் வெளிக்கிட்டு வந்தவன். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸில் ஒருமுறைதானும் ஏறியதில்லை. இப்போதைக்கு ஏறவும் முடியாது. எனது அகதிப் பயணப் பத்திரத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், ஒன்றைத் தவிர என்றிருக்கிறது. அந்த ஒன்றுக்குத்தான் அந்த விமானம் போகிறது.

ஆனாலும் லாச்சப்பலில் ரிக்கற் போடப் போகிற எவரும் இந்த வாதத்திலிருந்து தப்ப முடிவதில்லை. எமிரேட்ஸும் கத்தாரும் இருக்கும்போது இவங்களுக்கு ஏன் காசு கொடுப்பான் என்பார் ஒருவர். பெரிய ரிவி, நல்ல சாப்பாடு, டுபாயில் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம். மற்றவர், சிங்கள அரசாங்கத்தின் விமானத்தில் காலே வைக்கமாட்டேன் என்பார். எங்கள் சின்னம்மாவுக்கு இந்த இரண்டும் விளங்காது. முழங்கால் வருத்தக்காரி. "இடையிலை இறங்கி ஏறேலாது மோனை. இதெண்டால் இஞ்சை ஏறினால் கட்டுநாயக்காவிலைதான் இறக்கம். தண்ணி வேணுமெண்டாலும் தமிழிலை கேக்கலாம்" என்பா. 2016 இல் பாரிஸ் சேவையை நிறுத்தியபோது எங்கள் குடும்பத்தில் கவலைப்பட்ட ஒரே ஆள் அவதான். 2021 இல் மீண்டும் தொடங்கியதும் முதலில் கேள்விப்பட்டதும் அவதான்.

விமானக் கொம்பனியின் கணக்கு றெஸ்ரோரண்டின் கணக்கைப் போன்றதே. இன்று விற்காத சூப்பை நாளைக்கு விற்க முடியாது. வெறுமையாகப் பறந்த இருக்கையும் அப்படித்தான், சக்கரம் நிலத்தை விட்டதும் அதன் விலை பூச்சியம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை, சம்பளம், காஸ் கட்ட வேண்டும். அங்கே எரிபொருளும் குத்தகையும் டொலரில், வருமானத்தில் ஒரு பங்கு ரூபாவில். 2022 இல் ரூபா விழுந்தபோது என்ன நடந்திருக்கும் என்பதை அறிய இரண்டாம் வருடப் படிப்பே போதும். வளைகுடாக் கொம்பனிகள் தங்கள் ஊர்ச் சனத்தை நம்பிக் கடை வைக்கவில்லை. நூறு ஊர்களிலிருந்து ஆட்களை ஒரு சந்திக்குக் கொண்டுவந்து, இரண்டு மணித்தியாலத்தில் வேறு நூறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். கொழும்பும் சிறிய அளவில் அதைச் செய்தது. திருச்சி, மதுரைச் சனத்தை ஏற்றி வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் மெல்பேணுக்கும் அனுப்பியது. கெட்டித்தனமான வேலைதான். ஆனால் எதிரே இருப்பவனிடம் பெரிய விமானங்களும் பெரிய பணமும் இருக்கின்றன.

அந்த எதிரியும் ஒருகாலத்தில் இரவல்காரன்தான். 1985 இல் எமிரேட்ஸ் பறக்கத் தொடங்கியது பாகிஸ்தானின் தேசியக் கொம்பனியிடம் குத்தகைக்கு எடுத்த விமானங்களோடு. எயர்லங்கா அதற்கு ஆறு வருடம் மூத்தது. 1979 இல் சிங்கப்பூர்க்காரர்களின் உதவியோடு தொடங்கி, இராவணனின் பறக்கும் மயிலை வாலில் வரைந்துகொண்டு கிளம்பியது. இராவணனை நாங்களும் எங்கள் ஆள் என்கிறோம், அவர்களும் தங்கள் ஆள் என்கிறார்கள். விமானத்தை மட்டும் யாரும் அப்படிப் பங்கு கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாக வேறு காரியங்கள் நடந்தன. 1986 மே 3 ஆம் திகதி மாலைதீவுக்குப் புறப்பட இருந்த விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். பலர் எங்கள் பிரச்சினையோடு எந்தச் சம்பந்தமுமில்லாத வெளிநாட்டார். 2001 யூலை 24 இல் புலிகள் கட்டுநாயக்காவைத் தாக்கியபோது மூன்று எயார்பஸ்கள் எரிந்து போயின. எனக்கு அப்போது 12 வயது. எங்கள் ஒழுங்கையில் அன்று பெரிய சந்தோசம். பயணிகள் விமானத்துக்கும் குண்டு போடுகிற கிபீருக்கும் வித்தியாசம் பார்க்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. இரண்டும் ஒரே ஓடுபாதையிலிருந்து கிளம்பின.

எரித்ததை விட மிச்சம் வைத்ததைத் தின்றவர்கள் அதிகம். 1998 இல் எமிரேட்ஸ் 40 வீதப் பங்கை வாங்கிப் பத்து வருடம் நிர்வாகம் செய்தது. 2007 மார்கழியில் லண்டனிலிருந்து திரும்பிய மகிந்த ராஜபக்சவின் பரிவாரத்துக்காக, காசு கொடுத்து இடம்பிடித்த பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. தலைமை அதிகாரியின் வேலை அனுமதியை அரசாங்கம் ரத்துச் செய்தது. அடுத்த வருடம் ஒப்பந்தமும் முடிந்தது. பிறகு எயார்பஸ் விமானங்களை வாங்கினார்கள். அந்தக் கொள்வனவுக்காகக் கொம்பனி அதிகாரி ஒருவரின் மனைவி பெயரிலிருந்த நிறுவனத்துக்கு 16.8 மில்லியன் டொலர்வரை தருவதாகப் பேசி, 2 மில்லியன் கொடுக்கப்பட்ட கதை 2020 இல் லண்டன் நீதிமன்றத்தில் வெளிவந்தது. ஆகவே வளைகுடாக்காரனின் சொகுசு இருக்கையோடு போட்டிபோட முடியாமல்தான் இது விழுந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். முதலாளியின் மச்சான்மார் தினமும் வந்து சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகிற கடை, எதிரே கடை இல்லாவிட்டாலும் படுக்கும்.

2021 மார்ச் வரையில் சேர்ந்த நட்டம் 372 பில்லியன் ரூபா என்று 2022 மே மாதம் பிரதமராக வந்த ரணில் விக்கிரமசிங்க சொன்னார். நாட்டிலுள்ள சனத்துக்குப் பிரித்தால் தலைக்கு ஏறத்தாழ 17,000. விமானத்தில் கால்வைக்காத ஏழையும் இந்தச் சுமையைச் சுமக்கிறான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அட்டனில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் 17,000 ரூபாவும் அதற்குள் இருக்கிறது. விற்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2024 மார்கழியில் புதிய அரசாங்கம் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. தேசியச் சொத்து என்கிறார்கள்.

தேசியம் என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். 1947 மார்கழி 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது விமானம், சீதாதேவி என்று பெயரிட்ட டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனது. இடையில் அது தரித்த இடம் எங்கள் பலாலி, அந்நாளில் காங்கேசன்துறை விமான நிலையம் என்பார்கள். தேசிய விமானத்தின் முதல் தரிப்பிடமே யாழ்ப்பாணம்! பலாலி 2019 இல் சர்வதேச விமான நிலையமானபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார். 2024 இல் வந்தது இண்டிகோ. அதுவும் இந்தியா. மயில் வாலைக் காணவில்லை.

2023 இல் அம்மாவைச் சந்தித்தேன், பதினொரு வருடங்களுக்குப் பிறகு. நான் ஊருக்குப் போக முடியாததால் அவ சென்னைக்கு வந்தா. அம்மாவின் ஊர் வசாவிளான். 1990 இல் உடுத்த உடுப்போடு ஓடிவந்த குடும்பம், நான் கைக்குழந்தை. காணி பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவ தன் ஊருக்கு அவ்வளவு கிட்டப் போனது, 64 வயதில், அந்தச் சிறிய விமானத்தில் ஏறுவதற்காகத்தான். சென்னையில் என்னைக் கட்டிப்பிடித்து அழுது முடிந்ததும் அவ முதலில் சொன்னது பயணத்தைப் பற்றியல்ல. "மேலை கிளம்பேக்கை எங்கடை கிணத்தைப் பாத்தனான் போலை கிடக்கு. பனையள் நிக்குது" என்றா. ஒரு மணித்தியாலப் பயணத்தில் அம்மா யன்னலை விட்டுத் திரும்பவேயில்லையாம்.

அப்படியானால் மூடிவிடலாமா? அதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் முன்பு வேலை செய்த கடை கொரோனாவோடு படுத்தது. முதலாளி வேறு இடத்தில் வேறு பெயரில் திறந்தார். எங்களுக்குக் கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. ஸ்ரீலங்கனில் ஆறாயிரம் பேரளவில் வேலை செய்கிறார்கள். லஞ்சம் வாங்கியவன் அதில் பெட்டி தூக்குகிறவனல்ல.

என்னோடு கோப்பை கழுவுகிற மாலி நாட்டவரிடம் இதைச் சொன்னேன். அவர் எயார் அவ்ரிக்கைப் பற்றிச் சொன்னார். 1961 இல் பதினொரு ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து தொடங்கியது. அதுவும் மந்திரிமாரின் உறவினர்களைச் சும்மா ஏற்றியே நலிந்ததாம். 2002 இல் முடிந்தது. "செத்தபோது நாங்களும் நல்லது என்றோம். ரிக்கற் மலிந்ததா என்று கேள்" என்றார். பாமாக்கோவுக்குப் போகிற விலையையும் சொன்னார். நான் கேட்டிருக்கத் தேவையில்லை.

வேண்டுமானால் இருக்கட்டும், தன் உழைப்பில் இருக்கட்டும், கொழுந்து பறிக்கிறவளிடம் கைநீட்டாமல். நேரே போகிற விமானத்துக்கு முழங்கால் நோகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள். தேசியம் என்ற பெயர்ப்பலகை வேண்டுமென்றால், முதல் நாள் போன பாதையில் ஒருக்கால் போய் வரட்டும், அதற்குப் பிறகு பேசுவோம்.

சின்னம்மா தைமாதம் போகிறா. வளைகுடா ரிக்கற் 140 யூரோ குறைவு என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவவின் கிலோவில் ஐந்து கிலோ எனக்கு. அம்மாவுக்கு இரண்டு சுவெற்றர், நோவுக்குப் பூசுகிற களிம்பு, சொக்கிளேற். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் நானூறு கிராம் இடமிருக்கிறது.