பகலில் ஏறும் பாதை

இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலையின் சிகரத்தை அடையும் புராதன யாத்திரைப் பாதையில், டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை ஏறிச் செல்லும் பக்தர்களிற் பெரும்பாலோர், சூரியோதய தரிசனத்தை உத்தேசித்து இரவிலேயே நடப்பவராதலின், மாசி பங்குனி மாதங்களில் அதே மலையை நோக்கிப் பறந்து செல்லும் மற்றொரு யாத்திரைக் கூட்டத்தைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். அக்கூட்டம் வண்ணாத்திப்பூச்சிகளுடையது.

மகா சமன் தேவாலயத்தை வணங்கிப் புறப்பட்டு, களு கங்கையை ஒட்டிக் கிழக்கே செல்பவனுக்கு, தை மாதத்தில் இலை சிவந்து உதிர்ந்து நின்ற இறப்பர் மரங்கள் செம்புநிறத் தளிர் விட்டு, சிறு மஞ்சட் பூங்கொத்துகளின் நறுமணத்தால் தேனீக்களை அழைக்கும் காட்சியே வசந்தத்தின் முதற் செய்தி. லயங்களைத் தாண்டித் தேயிலை மலைகள் தொடங்குகின்றன. அவை எத்துணைப் பசுமையாயினும் வண்ணாத்திப்பூச்சிக்கு அங்கே அன்னமில்லை. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் இறங்கி வரும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தையும், பயிரிட முடியாதென்று கைவிடப்பட்ட ஓடைப் பள்ளங்களையுமே பார்க்க வேண்டும். நாயுண்ணியும், சிங்கள மக்கள் போவிட்டியா என்று வழங்கும் ஊதாப்பூச் செடியும், ஈரப் பாறையிடுக்குகளிற் காசித்தும்பையும் மலர்ந்திருக்கும் அவ்விடங்களில், ஈச்சுரமூலிக் கொடி படர்ந்திருந்தால் சற்று நிற்பது நல்லது. இலங்கையில் மட்டுமே வாழ்வதும், இந்நாட்டின் தேசிய வண்ணாத்திப்பூச்சியாக விளங்குவதுமான பெரிய இனம், கரிய முன்சிறகும் பொன்மயமான பின்சிறகும் கொண்டு, பறவையொன்று மிதப்பதுபோல் நிதானமாக வந்து, தன் புழு உண்ணக்கூடிய அந்தக் கொடியைத் தேடி முட்டையிடுகின்றது. அக்கொடி அரிவாளுக்கோ களைக்கொல்லிக்கோ இரையாகும் தோட்டத்தில் அப்பேரழகும் இல்லாமற்போகும். ஓடையின் இரு கரையிலும் சில முழ நிலத்தையேனும் புல்வெட்டுக் கணக்கில் சேர்க்காது விட்டுவைக்கும்படி தோட்ட நிர்வாகங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகின்றது.

கிலிமலை வனத்தின் காட்டுக்கோழிக் குரலையும் ஊதாமுகக் குரங்குகளின் ஆரவாரத்தையும் கடந்தால் பலாபத்தல. அங்கே நீரோடைக் கரையின் ஈர மணலில் வெள்ளையும் மஞ்சளுமாக நெருங்கி அமர்ந்திருப்பவை, மண்ணில் ஊறிய உப்புச்சத்தை உறிஞ்சும் ஆண் பூச்சிகள்.

இவை எங்கிருந்து வருகின்றன? வடகீழ்ப் பருவமழையால் வரண்ட பிரதேசத்துக் காடுகள் தளிர்க்கும்போது, கொன்றையிலும் வீரையிலும் இட்ட முட்டைகள் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கோடி கோடியாகச் சிறகு பெற்று எழுகின்றன. மழை நின்று தளிர் முற்றும் காலத்தில் புது இலை நாடிப் புறப்படுகின்றன என்பது இயற்கை நூலார் தரும் விளக்கம். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காக, இடையறாது செல்லும் இத்தகைய கூட்டங்களை வியந்து குறிப்பிட்டார். பாதத்தை வணங்கி உயிர்விடவே அவை செல்கின்றன என்கிறது மக்கள் நம்பிக்கை. குளிர்ந்த படிகளில் சிறகு நனைந்து கிடக்கும் பூச்சிகளைக் கண்ட கண்ணுக்கு அந்நம்பிக்கை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

பலாபத்தலைக்கு மேலே, 1940இல் சரணாலயமாக்கப்பட்ட வனத்தினூடே, வழி படிகளாகவே உயர்கின்றது. ஹெரமிட்டிபானையைத் தாண்டினால் விருட்சங்கள் குறுகிப் பாசி போர்த்து நிற்கின்றன. மகாகிரிதம்பத்தின் செங்குத்தில் ரோடோடெண்ட்ரன் இரத்தச் சிவப்பாய்ப் பூக்கின்றது. 2,243 மீற்றர் உயரத்துச் சிகரத்தில் பாதை முடிகின்றது.

இவற்றைக் காண விழைபவர் பலாபத்தலையில் இரவு தங்கி, விடிந்தபின் புறப்படுவதே உசிதம்; சிறகு வெயிலிற் சூடேறிய பின்னரே பூச்சிகள் எழுகின்றன, நண்பகலுக்குப் பிறகோ மேற்சரிவை மேகம் மூடிவிடுவது வழக்கம்.